காற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள்

ஆடி மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே காற்று வீசாது. தள்ளும்! டூவீலரில் போகிறவர் வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துத்தான் ஓட்டியாக வேண்டும். கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துக் காட்டில் போய்த் தேட வேண்டும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று முதன்முதலில் சொன்னவருக்குச் சொந்த ஊர் பூளவாடியாகவோ கேத்தனூராகவோ இருந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் பாலக்காட்டுக் கணவாய் செய்கிற வேலை. மேற்குத்தொடர்ச்சி மலையை ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கேட் திறந்து கிடக்கிறது. அரபிக்கடலில் கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று, கொண்டு வந்த மழையில் பெரும்பகுதியைக் கேரளாவில் கொட்டிவிட்டு, இந்த கேட் வழியாக முண்டியடித்துக்கொண்டு கொங்கு மண்ணுக்குள் நுழைகிறது. மழை அவர்களுக்கு, காற்று நமக்கு!

பல நூறு வருஷங்களாக இந்தக் காற்றால் இங்கே யாருக்கும் பெரிய லாபம் இருந்ததில்லை. கூரை ஓட்டைப் பெயர்த்தது. நிலத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சியது. கடந்த முப்பது சொச்சம் வருஷங்களில்தான் அதே காற்று காசாக மாறியது. உடுமலை, குடிமங்கலம், பல்லடம், பொங்கலூர், தாராபுரம் என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை இன்றைக்குக் காற்றாலைகள்.

காற்று ஓசி. அதற்கு யாரும் பில் போடுவதில்லை. அப்படியானால் அதில் வந்த காசு யாருக்குப் போனது? யாருக்குப் போகவில்லை? பதில் காற்றின் வேகத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு எங்கே பார்த்தாலும் பற்று, வரவுதான் தெரியும் என்று நீங்கள் கேலி செய்யலாம். ஆனால், இந்தக் கதையில் நிஜமாகவே ஹீரோ, வில்லன் இரண்டும் கணக்குதான்.

*

கொஞ்சம் பின்னால் போவோம்.

1888. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலை ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஸ்டேன்ஸ் மில்'. சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண் இருந்தது, பருத்தி இருந்தது, வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. மிஷினை ஓட்டும் சக்தி. இங்கே நிலக்கரி கிடையாது. வடக்கே வெகுதூரத்திலிருந்து ரயிலேறி வர வேண்டும். கரிக்கும் காசு, ரயிலுக்கும் காசு. அதனால் பம்பாயில் மில்கள் பெருகிய வேகத்தில் கோவையில் பெருகவில்லை.

நிலைமையை மாற்றியது நீலகிரி. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை 3,000 அடிக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாயில் இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சென்னை மாகாண அரசு கையிலெடுத்தது. 1932-ல் உற்பத்தி தொடங்கியது. மலையிலிருந்து கம்பி கோயமுத்தூருக்கு இறங்கியது. அவ்வளவுதான்! உலகமே பொருளாதார மந்தத்தில் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்த அதே வருஷங்களில், கோவையில் அடுத்தடுத்து மில்கள் முளைத்தன. நிலத்தில் சம்பாதித்த நாயுடுகளும் கவுண்டர்களும் பஞ்சு வியாபாரிகளும் மில் முதலாளிகளானார்கள். மில் வந்ததால் மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937-ல் உள்ளூரிலேயே எலெக்ட்ரிக் மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள்.

'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்ற வார்த்தையையே யாரும் கேள்விப்படாத காலம் அது. ஆனால் கோயமுத்தூர் என்ற தொழில் நகரம் எழுந்து நின்றது அதில்தான். மலைத் தண்ணீரில் ஓடிய ஊர் இது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பைக்காரா அரசாங்கத்தின் சொத்து. அணைக்கும் குழாய்க்கும் மாகாணக் கஜானா முதல் போட்டது. கம்பி போன இடத்தில் காசு கட்ட முடிந்தவர் எவரும் கரன்ட் வாங்கலாம். இது முதல் கணக்குப் புத்தகம்.

*

மில்லுக்குப் போன கம்பி அடுத்து காட்டுக்குப் போனது. கொங்கு நாட்டில் வற்றாத ஆறுகள் குறைவு, கிணறுகள் அதிகம். பாறையை உடைத்து ஆழமாக வெட்டிய கிணறுகள். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தவர்கள், மோட்டார் பம்புசெட்டுக்கு மாறினார்கள். ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர்! நாட்டின் பம்புகளில் ஏறக்குறைய பாதி கோவையில் தயாராகிறது என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தத் தொழில் இப்படி வளர்ந்ததுதான்.

கிணறு ஆழமாக ஆழமாக, கரன்ட் பில் ஏறியது. 1970-ல் விவசாய மின்கட்டணத்தைச் சில பைசாக்கள் ஏற்றியபோது கொங்கு விவசாயி கொதித்துப்போனார். நாராயணசாமி நாயுடு தலைமையில் போராட்டம் வெடித்தது. அந்த வருஷம் ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவைக்குள் நுழைந்து நகரத்தையே நிறுத்தின. இந்த வட்டாரத்தில் கரன்ட் என்பது எவ்வளவு உயிர்ப் பிரச்னை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடைசியில் 1990-ல் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கொடுத்தது. நல்லது. ஆனால் இலவசம் என்றால் யாரோ ஒருவர் கட்டுகிறார் என்று அர்த்தம். ஒரு பகுதியை அரசு மானியமாகக் கொடுத்தது. இன்னொரு பகுதி தொழிற்சாலைகளின் யூனிட் விலையில் ஏறியது. நூற்பாலைக்கு, பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று கரன்ட். ராத்திரி பகலாக ஸ்பிண்டில் சுற்ற வேண்டுமே! மில் முதலாளி பில்லைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். வேறு வழி உண்டா என்று தேட ஆரம்பித்தார்.

சரியாக அந்த நேரத்தில்தான் காற்று வந்தது.

*

தமிழ்நாட்டில் மின்வாரியம் 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முல்லைக்காட்டில் பரிசோதனைக்காகக் காற்றாலைகளை நிறுவியது. அடுத்து கயத்தாறு, முப்பந்தல். 1990-களில் தனியார் இறங்கினார்கள். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் கணக்கில் வந்தது. பல்லடம், உடுமலை வட்டாரத்து மேட்டாங்காடுகளில் கோபுரங்கள் எழுந்தன.

இவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டதா என்ன? இல்லை. டெல்லி ஒரு சலுகை கொடுத்திருந்தது. அதன் பெயர் தேய்மானம். ஒரு மிஷின் வருஷா வருஷம் தேய்கிறது, அந்தத் தேய்மானத்தைச் செலவாகக் காட்டலாம் என்கிறது வருமான வரிச் சட்டம். சாதாரண மிஷினுக்கு அப்போது 25 சதவிகிதம். காற்றாலைக்கு..? நூறு சதவிகிதம்!

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு மில்லுக்கு ஒரு கோடி லாபம். வரி 40 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 40 லட்சம் கட்டியாக வேண்டும். அதே முதலாளி ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால் முழுத் தொகையும் முதல் வருஷமே செலவாகிவிடுகிறது. லாபம் பூஜ்யம், வரி பூஜ்யம். ஆக, ஒரு கோடி காற்றாலையில் 40 லட்சம், வரியாகப் போயிருக்க வேண்டிய பணம். மீதியில் பெரும்பகுதிக்குக் கடன். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்குச் சொந்தக் கரன்ட்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மிஷின் 180 நாளாவது உபயோகத்தில் இருந்தால்தான் அந்த வருஷத்துக்கு முழுத் தேய்மானம். அதாவது, செப்டம்பர் 30-க்குள் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். ஆனால் இங்கே காற்றுக் காலமோ மே முதல் செப்டம்பர் வரை! காற்று ஓயும் நேரத்தில் அவசர அவசரமாகக் காற்றாலை திறக்கும் கூத்துக்கு இடம் கொடுத்த விதி இது. சிலர் காற்று சரியாக இல்லாத இடத்தில்கூட நட்டார்கள். வரி மிச்சமானது, இறக்கைதான் சுற்றவில்லை. லாபம் காட்டும் கம்பெனி குறைந்தபட்ச வரியாவது கட்டியே ஆக வேண்டும் என்று 1996-ல் சிதம்பரம் பட்ஜெட் போட்டதும் இந்தக் கூட்டம் சட்டென்று கலைந்தது.

கலையாமல் நின்றவர்கள் யார்? கரன்ட்டை நிஜமாகவே உபயோகிக்கத் தேவை இருந்தவர்கள். நூற்பாலைகள், பவுண்டரிகள், திருப்பூர் பனியன் கம்பெனிகள். அவர்களை நிறுத்தி வைத்தது மின்வாரியத்தின் இன்னொரு ஏற்பாடு. அதற்கு 'பேங்கிங்' என்றே பெயர்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கரன்ட்டை மூட்டை கட்டிப் பரணில் போட முடியாது. காற்று அடிப்பதோ ஆடியில், மில் ஓடுவதோ வருஷம் முழுக்க. என்ன செய்வது? உடுமலையில் உங்கள் காற்றாலை உற்பத்தி செய்வதை மின்வாரியக் கம்பியில் விட்டுவிடுங்கள். அது உங்கள் கணக்கில் வரவு. மார்கழியில் உங்கள் மில்லில் வாரியத்தின் கரன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பற்று. இடையில் வாரியம் ஒரு கமிஷன் பிடித்துக்கொள்ளும். எஸ்.பி. அக்கவுன்ட் மாதிரிதான்! இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் கொங்குக் காற்று கொங்கு மில்லுக்கு வந்தே இருக்காது. 2007 வாக்கில் நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறனில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருந்தது.

இது இரண்டாவது கணக்குப் புத்தகம். பிரமாதமான புத்தகம். ஆனால் அதில் ஒரு பக்கம் காலியாகவே இருந்தது.

வரிச் சலுகை யாருக்குப் பயன்படும்? வரி கட்டுகிறவருக்கு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால், காற்று யார் காட்டில் அடிக்கிறதோ அந்த விவசாயிக்கு இந்த 40 லட்சம் கிடையாது. அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். காட்டை நல்ல விலைக்கு விற்பது. ஊராட்சிக்கும் வருமான வரி கிடையாது, ஆகவே சலுகையும் கிடையாது. பணம் இருந்தவனுக்குக் காற்றாலை தள்ளுபடி விலையில் கிடைத்தது. இல்லாதவனுக்கு முழு விலை!

*

வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? முடியும். நடந்த இடம் டென்மார்க்.

இத்தனைக்கும் நம்மூருக்கு ஆரம்பத்தில் வந்த காற்றாலைகளில் பல, டென்மார்க் தொழில்நுட்பம். வெஸ்டாஸ், மைக்கான் எல்லாம் அந்த ஊர் கம்பெனிகள். அங்கே 1973 பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு ஊர்ப்புறத்துத் தச்சர்களும் கருமார்களும் சின்னச் சின்னக் காற்றாலைகளைச் செய்து பார்த்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பங்கு போட்டு ஒன்றை வாங்கின. நம்மூர் சீட்டுப் பணம் மாதிரி. அரசும் இதை ஊக்குவித்தது. இப்படிக் காற்றாலையில் பங்கு வைத்திருந்த டேனிஷ் குடும்பங்கள் 2000 வாக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டின. அந்த வருஷம் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலுக்குள் 20 காற்றாலைகள் நிறுவினார்கள். அதில் பாதி, எட்டாயிரம் சொச்சம் சாதாரண ஜனங்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம்!

டென்மார்க்கிலிருந்து மிஷினை இறக்குமதி செய்தோம். பங்கு போடும் பழக்கத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

*

ஆனால், கொங்கு நாட்டில் ஒரு ஊர் மட்டும் இதைத் தன் வழியில் செய்து காட்டியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1996-லிருந்து பத்து வருஷம் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். வீடுதோறும் குடிநீர், தெருதோறும் விளக்கு என்று வசதிகளைப் பெருக்கினார். பெருக்கப் பெருக்க, மோட்டாரும் விளக்கும் கரன்ட்டைக் குடித்தன. மாதம் சுமார் 2,000 ரூபாயாக இருந்த மின்கட்டணம் ஐந்தே வருஷத்தில் 50,000 ரூபாயைத் தொட்டது. மில் முதலாளி விட்ட அதே பெருமூச்சு!

முதலில் தெருவிளக்கு சிலவற்றைச் சூரிய சக்திக்கு மாற்றினார்கள். 2003-ல் மரத்துண்டுகளை எரித்து வாயு எடுக்கும் 9 கிலோவாட் கருவியை நிறுவிக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். 2006-ல் அடித்தார்கள் பாருங்கள், அது பெரிய அடி. ஊராட்சியே காற்றாலை வாங்கியது.

350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த சொந்தப் பணம் 40 லட்சம். பேங்க் கடன் 1.15 கோடி. மேட்டுப்பாளையத்தில் அந்த அளவுக்குக் காற்று கிடையாதே? அதனால் வெகு தூரத்தில் உடுமலைக்குப் பக்கத்தில் மைவாடியில் நட்டார்கள். மில்காரர்கள் போன அதே பாதைதான். மின்வாரியக் கம்பி இருக்கிறது, ஒரு மூலையில் உற்பத்தி, இன்னொரு மூலையில் உபயோகம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 350 கிலோவாட் மிஷின் வருஷம் முழுக்க ஒரு நொடி நிற்காமல் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரும். காற்று அப்படியெல்லாம் அடிக்காது. ஓடந்துறைக்கு வருஷத்துக்குக் கிடைத்தது சுமார் 6.75 லட்சம் யூனிட், அதாவது 22 சதவிகிதம். ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சம் இரண்டு லட்சத்துக்கு மேல். அதை மின்வாரியத்துக்கு விற்கலாம். அப்போது புதிய காற்றாலைகளுக்கு வாரியம் கொடுத்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. மொத்த உற்பத்திக்கும் அந்த விலையைப் போட்டால் ஆண்டுக்கு 19 லட்சத்துக்கு மேல் மதிப்பு வருகிறது. வட்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எட்டு வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஊருக்கு லாபம்.

தேய்மானச் சலுகை ஒரு பைசாகூட இல்லாமல் போட்ட கணக்கு இது! அதனால்தான் ஓடந்துறையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இது மூன்றாவது கணக்குப் புத்தகம். ஊர்க் கணக்கு.

*

அப்படியானால் தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 12,500 ஊராட்சிகள் இதே வழியில் வரிசையாகப் போயிருக்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். சேமிப்பில் 40 லட்சம் வைத்திருக்கும் ஊராட்சிகள் எத்தனை இருக்கும்? துணிந்து கடன் கேட்கும் தலைவர்கள் எத்தனை பேர்? அதற்குள் காற்றுத் தொழிலின் விதிகளும் மாறிக்கொண்டே போயின.

2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டு. கோவையின் சின்னப் பட்டறைகள் நொந்து நூலாகிப் போயின. அந்தக் காலத்தில், காற்று பலமாக அடிக்கும் வேளையில் கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன கூத்தும் நடந்தது. விற்ற கரன்ட்டுக்கு வாரியத்திடமிருந்து பணம் வர மாதக்கணக்கில் ஆனது. பெரிய மில் இதைத் தாங்கும். தவணை கட்ட வேண்டிய ஊராட்சி தாங்குமா?

2012-ல் தேய்மானச் சலுகையைப் பிடுங்கி, 2014-ல் திருப்பிக் கொடுத்து, 2017-ல் பாதியாகக் குறைத்தார்கள். அதே 2017-ல் டெல்லி ஏலமுறையைக் கொண்டுவந்தது. முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசு. மக்களுக்கு மலிவு, சந்தோஷம். ஆனால் நூற்றுக்கணக்கான கோடிகளோடு வருகிற பெரிய கம்பெனிகள்தான் அந்த ஏலத்தில் உட்கார முடியும். ஒற்றைக் காற்றாலைக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை. தமிழ்நாட்டில் 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு அந்த வருடாந்தர பேங்கிங்கும் கிடைக்கவில்லை. நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை 2023-ல் குஜராத் முந்தியது.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் சீட்டுக்கட்டு மறுபடி கலைக்கப்படுகிறது.

1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. ஆனால் முதலில் வந்தவை என்பதால் அவை நிற்கும் இடங்கள்தான் காற்றுக்கு முதல்தரமானவை. இன்றைய காற்றாலை ஒன்று இரண்டு, மூன்று மெகாவாட். பழைய காற்றாலை பத்தைக் கழற்றிவிட்டு ஒன்றை நட்டால் போதும். இதற்கென்றே தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. பழைய இறக்கைகள் இறங்கப்போகின்றன. அந்த இடத்தில் நிற்கப்போகும் புதியது யார் பெயரில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

பதில் சொல்லச் சட்டத்தில் இடமே இல்லாமலில்லை. 2003 மின்சாரச் சட்டமும் 2005 விதிகளும் 'கூட்டுச் சொந்த உற்பத்தி' என்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உபயோகிப்பவர்கள் சேர்ந்து 26 சதவிகிதப் பங்கு போட்டு, உற்பத்தியில் 51 சதவிகிதத்தை எடுத்துக்கொண்டால் அது அவர்களின் சொந்தக் கரன்ட். மில்களும் பனியன் கம்பெனிகளும் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. குடிமங்கலம் பக்கத்து ஊராட்சிகள் ஐந்தாறு சேர்ந்து ஏன் பயன்படுத்தக் கூடாது? குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் அவர்கள் மாதாமாதம் கட்டுகிற பில், ஒரு மில்லின் பில்லைவிட நிச்சயமான பில்.

டென்மார்க்கில் 2008-ல் ஒரு சட்டம் போட்டார்கள். புதிதாகக் காற்றாலை நிறுவுகிறவர், 20 சதவிகிதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும். நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. பிற்பாடு அந்த விதியை மாற்றிக்கொண்டார்கள் என்றாலும், அதன் நியாயம் சுலபமாகப் புரியக்கூடியது. சத்தத்தைக் கேட்கிறவருக்கு லாபத்திலும் கொஞ்சம் கொடு!

பழைய காற்றாலையைப் புதுப்பிக்க அனுமதி கேட்கிறவரிடம் இதில் பாதியாவது, ஒரு பத்து சதவிகிதமாவது, அந்த ஊராட்சிக்குப் பங்காக எழுதி வைக்கச் சொன்னால் என்ன? முதலைக் கடனாக வைத்துக்கொண்டு, வருகிற லாபத்தில் கழித்துக்கொள்ளட்டும். ஓடந்துறை போட்ட கணக்கு சரியென்றால் இந்தக் கணக்கும் சரிப்பட்டு வரும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.